பூட்டுக்கு கிராஃபைட் பொடி: செட்டிநாட்டு வீட்டில் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

காரைக்குடி ஹார்டுவேர் கடைகளில் பூட்டுக்கென்றே விற்கப்படும் கிராஃபைட் பொடியைப் பற்றியது இந்த மதிப்புரை. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் குப்பி, அதன் வாயில் கூரான மூக்கு, உள்ளே சாம்பல் கலந்த கறுப்பில் மினுங்கும் நுண்பொடி, பொருள் இவ்வளவுதான். மூக்கைச் சாவித் துவாரத்தில் வைத்துக் குப்பியை அழுத்தினால் சிறிதளவு பொடி உள்ளே பாய்கிறது. எங்கள் பூர்வீக வீட்டின் முகப்புக் கதவு, வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றியுள்ள அறைகள், பெட்டகங்கள், இரும்புப் பெட்டி ஆகியவற்றின் பூட்டுகளில் இதைப் பயன்படுத்திய பின், பழைய வீடு வைத்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் இது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இதை எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்பதைக் குப்பியின் மேல் ஒட்டியுள்ள தாள் சொல்லவில்லை. அதைச் சொல்வது இந்தப் பொடிக்குள் கார்பன் அணுக்கள் அமைந்திருக்கும் விதம். அந்த அமைப்பை விளங்கிக்கொண்டவர் இப்பொருளின் நிறையையும் குறையையும் தாமே கணித்துக்கொள்ள முடியும் என்பதால், மதிப்புரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் தேவையைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தார் வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி அடைத்தே கிடக்கின்றன. குடும்பத்தார் சென்னையிலும் கோவையிலும் கடல் கடந்த ஊர்களிலும் இருக்க, கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று வரும்போதுதான் அறைகள் திறக்கப்படுகின்றன. அப்போது கனமான பழைய சாவி பாதி சுழன்று நின்றுவிடுவது எல்லோரும் அறிந்த தொல்லை. உடனே கைக்கு வருவது நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். அன்றைக்குப் பூட்டு திறந்துகொள்ளும். கேடு அதன் பிறகுதான் தொடங்குகிறது. நல்லெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து தடித்துப் பிசுபிசுப்பாகிறது. தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் தடிப்பதில்லை என்றாலும், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையது. மார்கழி விடியலில் பூட்டுக்குள் அது கட்டியாகத்தான் இருக்கும். எந்த எண்ணெயானாலும், இந்தச் செம்மண் பூமியின் தூசி அதில் ஒட்டி, லீவர் தகடுகளுக்கு (பூட்டுக்குள் சாவி தள்ளி நகர்த்தும் தகடுகளுக்கு) இடையே சேறாகப் படிகிறது. ஆகவே நமக்கு வேண்டியது ஈரமற்ற, காலத்தால் தடிக்காத, தூசியைப் பிடித்து வைக்காத மசகு. அந்த மூன்று தகுதிகளையும் கிராஃபைட்டுக்குக் கொடுப்பது ஒரே காரணம்.

கிராஃபைட் முழுக்க முழுக்கக் கார்பன். கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் அவற்றுள் மூன்றைக் கொண்டு, ஒரே தளத்தில், 120 டிகிரி கோணத்தில் அமைந்த மூன்று அண்டை அணுக்களோடு சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலிமையான பிணைப்பு) கொள்கிறது. இவ்வாறு ஆறு ஆறு அணுக்களாக அறுகோண வளையங்கள் உருவாகி, வளையத்தோடு வளையம் இணைந்து, ஓர் அணு மட்டுமே கனமுள்ள ஒரு பரந்த தகடாகிறது. தகட்டுக்குள் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். அதன் மேல் அடுத்த தகடு அமர்கிறது. ஆனால் இரு தகடுகளுக்கும் நடுவே உள்ள தூரம் 0.335 நானோமீட்டர், அதாவது முன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு தொலைவில் சகப்பிணைப்புக்கு இடமில்லை. தகடுகளைச் சேர்த்து வைத்திருப்பது வாண்டர் வால்ஸ் விசை எனப்படும் மென்மையான ஈர்ப்பு மட்டுமே. இரண்டாவது தகடு முதல் தகட்டுக்கு நேர் மேலே அமையாமல் சற்றே நகர்ந்து, தன் அணுக்களில் பாதியைக் கீழுள்ள அறுகோணங்களின் நடுவெளிக்கு மேலே நிறுத்துகிறது. மூன்றாவது தகடு மறுபடியும் முதலாவதன் நேருக்கு வருகிறது. இந்த அடுக்கு முறையை எக்ஸ் கதிர்களின் துணையோடு 1924-இல் தெளிவாக நிறுவியவர் ஜே. டி. பெர்னால்.

கயிறு அவிழ்த்த ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தால் ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி விசிறிப் பிரியும். தனி ஏட்டைக் குறுக்கே கிழிப்பது மட்டும் எளிதன்று. கிராஃபைட்டின் நிலையும் அதுவே. தகட்டுக்குள் பிணைப்பு வைரத்தினுடையதைக் காட்டிலும் குறுகியது, வலிமையில் குறைந்ததன்று. தகடுகளுக்கிடையே உள்ள பற்றோ மிகச் சிறியது. ஆகவே அழுத்தித் தேய்க்கும்போது கிராஃபைட் நொறுங்குவதில்லை, அடுக்கடுக்காக வழுக்கிப் பிரிகிறது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் எண்ணெய் தொட்டது போன்ற வழுவழுப்பு தோன்றுவதும், தாளில் இழுத்தால் கோடு விழுவதும், பூட்டின் தகடுகள் தடையின்றி நகர்வதும் இந்தப் பிரிவின் வெவ்வேறு தோற்றங்களே.

பாடநூல்கள் வழக்கமாக இங்கே நிறுத்திக்கொள்கின்றன. உண்மை இதைவிடச் சற்றுச் சிக்கலானது. பொடியை மதிப்பிடும் நமக்கு அந்தச் சிக்கல் பயனுள்ளது. தகடுகளின் பரப்பு அமைதியானது. அங்குள்ள அணுக்களின் பிணைப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. தகடுகளின் விளிம்பில் உள்ள அணுக்களுக்கோ ஒரு பக்கத்துத் துணை இல்லை. அவை எதிர்ப்படும் எதனோடும் பிணைய முயல்கின்றன. காற்றில் உள்ள நீராவி அந்த விளிம்புகளில் படிந்து அவற்றை அடக்கி வைத்திருப்பதால்தான் கிராஃபைட் நமக்கு வழுக்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னியந்திரங்களில் இருந்த கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கடத்தும் கட்டைகள்), தரையில் நெடுநாள் உழைத்தவையாக இருந்தும், அங்கே விரைவில் தேய்ந்து பொடியாயின; உயரத்துக் காற்றில் ஈரம் இல்லாமற் போனதே காரணம் எனத் தெரியவந்தது. கிராஃபைட்டின் வழுக்குந்தன்மைக்கு நீராவி போன்ற ஆவிகளின் துணை வேண்டும் என்பதை ஆர். எச். சாவேஜ் 1948-இல் ஆய்வின் மூலம் காட்டினார். விண்வெளிக் கருவிகளில் கிராஃபைட்டைத் தவிர்த்து, தானும் அடுக்கமைப்பு உடையதான மாலிப்டினம் டைசல்ஃபைடை நாடுவது இதனால்தான். செட்டிநாட்டில் பங்குனி வெயிலிலும் காற்றில் இதற்குப் போதுமான ஈரம் உண்டு. மழைக்காலத்தில் எண்ணெய் கெட்டாலும் இப்பொடி தன் வேலையை விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரு தகடுகளின் அறுகோணங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்போது, நகர்வதற்குச் சிறிது தடை இருக்கிறது. ஒரு தகட்டைச் சற்றே திருப்பி வைத்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொருத்தம் கலைந்து, உராய்வு ஏறத்தாழ மறைந்தே போகிறது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 2004-இல் ஒரு நுண்ணிய கிராஃபைட் செதிளைக் கிராஃபைட் பரப்பின் மேல் பல கோணங்களில் இழுத்து இதை அளந்தார்கள். 60 டிகிரிக்கு ஒருமுறை மட்டும் உராய்வு உயர்ந்து, இடைப்பட்ட கோணங்களில் எல்லாம் மிகத் தாழ்ந்திருந்தது. பூட்டுக்குள் கோடிக்கணக்கான செதிள்கள் தத்தம் போக்கில் திரும்பிக் கிடக்கின்றன என்பதை நினைத்தால், இது ஆய்வகத்துக்குள் அடங்கிய செய்தியாகத் தோன்றாது.

பொடியைப் போடும் முறையும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. உள்ளே பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் மண்ணெண்ணெயால் கழுவி, முழுவதும் உலரவிட வேண்டும். ஈரப் பிசுக்கில் விழுந்த கிராஃபைட், பூட்டின் தகடுகளின் மேல் பரவுவதற்குப் பதிலாகக் கறுப்புக் களியாகத் தேங்கிவிடும். பிறகு சிறிது பொடியைச் செலுத்தி, சாவியை இட்டுப் பலமுறை திருப்ப வேண்டும். திருப்புவது பொடியைக் கலக்குவதற்காக அன்று. ஒவ்வொரு திருப்பலிலும் செதிள்கள் உராய்வின் திசைக்குப் படுத்து, இரும்பின் மேடு பள்ளங்களில் பதிந்து, மெல்லிய படலமாகின்றன. அதன் பின் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை, கிராஃபைட் கிராஃபைட்டைத் தொடுகிறது. முகப்புக் கதவின் பூட்டில் முதல் சில திருப்பல்களில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பொறுமையாகத் தொடர்ந்தபோது, சாவி கையில் கனமிழந்தது போல இலகுவாகச் சுழன்றது. இரண்டு கைகளால் திருப்ப வேண்டியிருந்த பூட்டை இப்போது வீட்டின் மூத்த பெண்கள் தனியாகத் திறக்கிறார்கள். திண்டுக்கல்லில் கையால் செய்த பழைய மாங்காய்ப் பூட்டு ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு மரபின் வேலைப்பாடு, உள்ளே பிசுக்கு நீங்கிய பிறகுதான் கைக்குப் புலப்பட்டது.

அடுத்தது தரம். சந்தையில் கிராஃபைட் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றன்று. இந்தக் குப்பியோடு ஒப்பிடுவதற்காக வேறொரு கடையில் பொட்டலமாகக் கிடைத்த மலிவான பொடியையும் வாங்கினேன். விரலிடையே தேய்த்ததும் வேறுபாடு தெரிந்துவிட்டது: அதில் நறநறப்பு இருந்தது, மினுக்கம் குறைவு. மணலோ சாம்பலோ கலந்த பொடி பூட்டுக்கு மசகாக இராது, அரமாக வேலை செய்யும். வார்ப்புப் பட்டறைகளில் அச்சின் உட்புறம் பூசுவதற்கு அத்தகைய பொடி போதுமானதாக இருக்கலாம், பூட்டுக்கு உதவாது. குப்பியில் வரும் பொடியோ விரலில் வெள்ளி போன்ற பளபளப்பை விட்டுச் செல்கிறது, துகள் எதுவும் உறுத்துவதில்லை. விளக்குக் கரி இதைவிடக் கறுப்பாக இருந்தும் பளபளக்காது. அதில் அணுக்கள் சீரான பெரிய தகடுகளாக அமையவில்லை, ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பும் இல்லை. வாங்குபவர் கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இன்னொரு சோதனை நீரில். ஒரு கிண்ணம் தண்ணீரின் மேல் பொடியைத் தூவினால் அது மிதக்கும், நனையாது. பிணைப்புகள் தீர்ந்த தகட்டுப் பரப்பில் நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இந்த இயல்பு நம் மாவட்டத்துக்கே சோறு போடுகிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சிவகங்கைக்கு அருகே கிராஃபைட் பாறைப் படிவுகள் உள்ளன. தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் அங்கே சுரங்கமும் செறிவூட்டும் ஆலையும் நடத்திவருகிறது. பாறையில் கிராஃபைட் சிறு பங்கே. பாறையை அரைத்து, நீரில் கலந்து, எண்ணெய் சேர்த்துக் காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால், நீரை வெறுக்கும் கிராஃபைட் செதிள்கள் குமிழிகளோடு ஒட்டி நுரையாக மேலே வருகின்றன. நீரை ஏற்கும் கல்துகள்கள் அடியில் தங்குகின்றன. கிண்ணத்தில் நாம் காணும் மிதப்பே அங்கே தொழிலாகிறது. சிவகங்கையில் கிடைப்பது செதிள் வகை, அதாவது தகடுகள் நன்கு வளர்ந்த வகை. மசகுக்கு உகந்தது அதுவே. நான் வாங்கிய குப்பியில் கிராஃபைட் எங்கே எடுக்கப்பட்டது என்று அச்சிடவில்லை. கனிமம் இருக்கும் மாவட்டத்தில் விற்கும் பொருளில் அந்த ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

இனி, குப்பியின் தாள் சொல்லாமல் விட்ட பெரிய எச்சரிக்கை. கார்பனின் நான்கு எலக்ட்ரான்களில் மூன்று பிணைப்புக்குப் போயின என்று பார்த்தோம். நான்காவது எந்த இரு அணுக்களுக்கு இடையிலும் கட்டுண்டு கிடப்பதில்லை; தகடு முழுவதும் பரவி, தகட்டின் மேலும் கீழும் உலவுகிறது. உலோகமல்லாத கார்பன் மின்சாரத்தைக் கடத்துவது இந்த எலக்ட்ரான்களால். தகட்டின் நீளத்தில் கடத்தும் திறன், தகடுகளைத் தாண்டிக் குறுக்கே கடத்தும் திறனைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு அளவில் மிகுதி. பொடியை ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவில் அடைத்து இருபுறமும் ஆணி செருகி மல்டிமீட்டரில் பார்த்தேன். மின்தடை மிகக் குறைவாகவே இருந்தது. பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் கறுப்பு ஸ்விட்சுகளும் கதவு நிலைக்குப் பக்கத்திலேயே இருப்பதுண்டு. இறுகிப்போன ஸ்விட்சில் இந்தப் பொடியைப் போடலாம் என்று யாராவது எண்ணினால், அது நேராக ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தீக்கும் வழி வகுக்கும். பேட்டரியில் இயங்கும் டிஜிட்டல் பூட்டுகளுக்கும் இது ஆகாது. மின் இணைப்புள்ள எதன் அருகிலும் குப்பியை அழுத்தக் கூடாது என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டிய இடத்தில், இங்கே ஒரு பூட்டின் படம் மட்டுமே இருக்கிறது. என் மதிப்பீட்டில் இப்பொருளின் மிகப் பெரிய குறை இதுதான்.

நம் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் வைரத் தோடும், அதன் பூட்டில் போடும் இந்தப் பொடியும் ஒரே தனிமம் என்பதை வீட்டுப் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு எலக்ட்ரான்களையும் செலவிட்டு, நான்கு திசைகளில் நான்கு அணுக்களோடு 0.154 நானோமீட்டர் தூரத்தில் பிணைகிறது. தகடு என்று எதுவும் இல்லை, வழுக்க இடமில்லை, ஆகவே கடினம். உலவும் எலக்ட்ரான் இல்லை. ஆகவே மின்சாரம் பாயாது, காணும் ஒளியும் உறிஞ்சப்படாமல் ஊடுருவிச் செல்கிறது. கிராஃபைட்டின் உலவும் எலக்ட்ரான்களோ ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அது கறுப்பு. அடுக்குகளுக்கிடையே வெற்றிடம் இருப்பதால் கிராஃபைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.26 கிராம், நெருங்கி அமைந்த வைரத்துக்கு 3.51 கிராம். நாம் வாழும் வெப்ப அழுத்த நிலையில் இரண்டிலும் உறுதியாக நிலைபெற்றது கிராஃபைட் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்கான தடை மிக உயரமானது என்பதால் மட்டுமே நம் தோடுகள் தோடுகளாக இருக்கின்றன.

கறை விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் இருக்கும் வீட்டில் கறுப்புப் பொடியைத் திறப்பதே ஒரு பொறுப்பு. கீழே பழைய வேட்டியை விரித்துக்கொண்டுதான் குப்பியைத் திறக்க வேண்டும். சிந்திவிட்டால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. துடைக்கும் விசையே தகடுகளைப் பிரித்து இன்னும் அகலமாகப் பூசிவிடும். ஆத்தங்குடிக் கல்லில் நுண்துளைகள் உண்டு, அவற்றுள் செதிள்கள் பதிந்துவிடும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, எஞ்சியதைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாக நீக்குவதே சரியான வழி. தரைக் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சகப்பிணைப்பால் இறுகிய கிராஃபைட் தகடுகளை வீட்டில் கிடைக்கும் எந்தக் கரைப்பானும் கரைப்பதில்லை. நீர்த்த அமிலமும் அதைத் தொடாது. ஆனால் சிமெண்டாலான ஆத்தங்குடிக் கல்லை அமிலம் தின்றுவிடும். கல் போய்விடும், கறை அப்படியே இருக்கும்.

மழை படும் வெளிக் கதவு, தோட்டத்து இரும்புக் கேட் ஆகியவற்றின் பூட்டுகளுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. மின்சாரத்தைக் கடத்தும் அதே குணம் அங்கே பாதகமாகிறது. கிராஃபைட் எளிதில் வினைபுரியாதது; இரும்பும் துத்தநாகமும் அலுமினியமும் வினைபுரிபவை. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால், அது ஒரு சிறிய மின்கலமாகி உலோகத்தின் அரிப்பைத் துரிதப்படுத்தும். தொண்டிப் பக்கத்துக் கடற்காற்று படும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். கூரைக்குக் கீழே, உலர்ந்த இடத்தில் உள்ள பூட்டுகளில் இந்த அச்சம் வேண்டியதில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை பூட்டுக்குக் கவலை இல்லை. சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட் உருகுவதே இல்லை. 3600 டிகிரி செல்சியஸுக்கும் மேலே நேராக ஆவியாகிறது, ஏனெனில் அந்த வெப்பம் முறிக்க வேண்டியது தகட்டுக்குள் உள்ள வலிமையான பிணைப்புகளை. பொற்கொல்லர்கள் 1064 டிகிரியில் உருகும் தங்கத்தைக் கிராஃபைட் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்குவது இந்தத் துணிச்சலில்தான். காற்றுபடும் சூட்டில் மட்டும் அது விளிம்பிலிருந்து மெல்ல எரிந்து தேய்கிறது.

காரைக்குடியில் நின்று கிராஃபைட்டைப் பற்றி எழுதுபவர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கடந்து போக முடியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் ஆய்வுத் துறைகளில் லித்தியம் மின்கலமும் ஒன்று. இன்றைய கைப்பேசி பேட்டரிகளில் பெரும்பாலானவற்றின் எதிர்மின்முனை கிராஃபைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நாம் பேசிவரும் அந்த அடுக்கிடை வெளிக்குள் நுழைகின்றன; ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் அது நிறையும்போது, 0.335 நானோமீட்டர் இடைவெளி ஏறத்தாழ பத்து சதவீதம் விரிந்து கொடுக்கிறது, தகடுகள் உடைவதில்லை. கிராம் ஒன்றுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி என்ற கொள்ளளவு அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. பூட்டில் வழுக்குதலைத் தருவதும் பேட்டரியில் இடம் தருவதும் அதே பலவீனமான பற்று என்பது என்னை இன்றும் வியப்பில் ஆழ்த்துகிறது. 2004-இல் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்துத் தனித் தகடான கிராஃபீனைப் பிரித்தெடுத்ததற்கும் அந்தப் பற்றின் மென்மையே துணை நின்றது. அதற்காக அவர்களுக்கு 2010-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பென்சிலைச் சாவியின் பற்களில் தேய்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்குப் போதும். ஆனால் பென்சிலுக்குள் இருப்பது தனிக் கிராஃபைட் அன்று. களிமண்ணோடு கலந்து சுட்டது. நிக்கோலா ழாக் கோந்தே 1795-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற முறை அது. களிமண் கூடினால் எழுத்து கடினமாகும், குறைந்தால் மென்மையாகும். பூட்டுக்குள் போன களிமண் வழுக்காது. ஈரத்தை வேறு பிடித்து வைக்கும். பென்சில்தான் கையில் இருக்கிறதென்றால் ஹெச்பியை விடுத்து, ஓவியர்கள் பயன்படுத்தும் 6பி போன்ற மென்மையான வகையை எடுப்பது நல்லது.

குப்பியின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கு சிறிய நவீனப் பூட்டுகளுக்குப் பொருந்துகிறது. நம் பழைய பூட்டுகளின் அகன்ற சாவித் துவாரத்தில் பொடி உள்ளே போகாமல் திரும்பி முகத்தில் அடிக்கிறது. மூக்கைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு அழுத்த வேண்டியிருக்கிறது. நுண்பொடியாதலால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். கிராஃபைட் தூசியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருவதுண்டு. மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது, அலமாரியில் படுக்க வைத்தாலும் சிந்தவில்லை. பொடி கெட்டுப்போகும் பொருள் அன்று என்பதால் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டியதில்லை. விலை நூறு ரூபாயை ஒட்டித்தான். ஒரு பெரிய வீட்டின் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் போட்ட பிறகும் குப்பியில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

தயாரிப்பாளர்கள் மாற்ற வேண்டியவை மூன்று: அகன்ற துவாரத்துக்கேற்ற இன்னொரு மூக்கைச் சேர்த்துத் தருவது, கிராஃபைட்டின் வகையையும் தூய்மையையும் தாளில் அச்சிடுவது, மின்சாதனங்களுக்கு அருகே பயன்படுத்தக் கூடாது என்பதைத் தமிழில் எழுதுவது. அந்த வரி அச்சாகும் வரை, வாங்குபவர்கள் வீட்டுக்கு வந்ததும் குப்பியின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, "ஸ்விட்சுக்கும் ஃபியூஸுக்கும் போடாதீர்கள்" என்று எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆட்களிடம் அதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.